எண்ணிக்கையும் ஆளரவமும்: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சந்தாச் சரிவும் ஆட்டக்காரர்களின் ஊகங்களும்

பலர் இணையத்தில் கூடி ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் சந்தாதாரர் எண்ணிக்கையை இனி வெளியிடப்போவதில்லை என்று 2015 நவம்பரில் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனம் அறிவித்தது. அது கடைசியாகச் சொன்ன எண் 55 லட்சம். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2010 அக்டோபரில், பெருமிதத்தோடு அறிவித்த எண் 1 கோடியே 20 லட்சம். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு காலாண்டு அறிக்கை வந்ததும் ஆட்டக்காரர்கள் ஏன் குறைந்தது, இன்னும் எவ்வளவு குறையும் என்று வாதிட்டார்கள். அந்த வாதங்களை, கணக்குத் தெரியாதவர்களின் வீண் பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்குவது பெரும்பிழை என்பதே என் நிலைப்பாடு. நிறுவனம் எண்ணியது பணம் கட்டியவர்களை. ஆட்டக்காரர்கள் அளக்க முயன்றதோ தங்கள் உலகில் எஞ்சியிருந்த ஆளரவத்தை. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியதால்தான் விவாதம் குழம்பியது.

நிறுவனத்தின் வரையறையில் 'சந்தாதாரர்' என்ற சொல் பலவகைப்பட்டவர்களை அடக்கியது. மாதக் கட்டணம் செலுத்துவோர், விளையாட்டை வாங்கி இலவச முதல் மாதத்தில் இருப்போர் ஆகியோருடன், இணைய விளையாட்டுக் கூடங்களில் கடந்த 30 நாளுக்குள் உள்நுழைந்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். சீனாவில் அன்று மணிக்கணக்குக்குப் பணம் கட்டி ஆடுவதே வழக்கமாக இருந்தது. 2008 ஜனவரியில் நிறுவனம் தந்த பகுப்பின்படி, 1 கோடிப் பேரில் சுமார் 55 லட்சம் பேர் ஆசியாவில் இருந்தார்கள். வட அமெரிக்காவில் 25 லட்சம், ஐரோப்பாவில் 20 லட்சம். இந்த வட்டாரங்களின் சர்வர்கள், அதாவது ஆட்ட உலகின் பிரதிகள், தனித்தனியானவை. சீன ஆட்டக்காரர் பத்து லட்சம் பேர் விலகினாலும், அமெரிக்க சர்வர் ஒன்றின் தெருவில் நடப்பவர் ஒருவர்கூடக் குறைவதில்லை. 2013-இன் முதல் காலாண்டில் எண்ணிக்கை 96 லட்சத்திலிருந்து 83 லட்சமாக இறங்கியபோது, இழப்பு பெரும்பாலும் கிழக்கில்தான் என்று நிறுவனமே சொன்னது. மேற்கத்திய ஆட்டக்காரர்களோ தமக்குப் பிடிக்காத மாற்றங்களையே அதற்குக் காரணமாக்கினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனாலும் அவர்கள் உணர்ந்த வெறுமை பொய்யல்ல.

அந்த வெறுமை எங்கே தெரியும்? கில்டு எனப்படும் ஆட்டக்காரர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் தெரியும். உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் வண்ணத்திலும், இல்லாதவர்களின் பெயர்கள் சாம்பல் நிறத்திலும் இருக்கும். சாம்பல் பெயருக்கு நேரே, அவர் கடைசியாக வந்து எத்தனை நாள், எத்தனை மாதம் ஆயிற்று என்ற குறிப்பு நிற்கும். ஒருகாலத்தில் வாரம் மூன்று இரவு பேசிச் சிரித்தவரின் பெயர் அது. 25 பேர் கூடினால்தான் நடக்கும் ரெய்டு என்ற கூட்டுப் போருக்கு ஒரு கில்டில் 27 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேர் நின்றுவிட்டால், சந்தா கட்டிக்கொண்டு காத்திருக்கும் மற்ற 24 பேருக்கும் அந்த இரவு ஆட்டமில்லை. நிறுவனக் கணக்கில் மூன்று குறைந்தது. அந்தக் கில்டின் அனுபவத்தில் எல்லாமே நின்றுபோயிற்று. காலாண்டு அறிக்கையின் சராசரியில் இந்த வாசற்படி விளைவு ஒருபோதும் தெரியாது.

இதனால்தான் ஆட்டக்காரர்கள் தாங்களே குடிக்கணக்கு எடுக்கத் தொடங்கினார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் 'ஹூ' கட்டளை ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 50 பெயர்களே தரும். இனம், வகுப்பு, நிலை என்று கூறுகூறாகக் கேட்டு அந்த வரம்பைத் தாண்ட, சென்சஸ் பிளஸ் போன்ற துணைநிரல்களை எழுதினார்கள். இது வெறும் பொழுதுபோக்கு முயற்சி அல்ல. நிக்கோலஸ் டூஷெனோவும் நிக் யீயும் சக ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும் ஐந்து சர்வர்களில் இதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஏவித்தான் தரவு திரட்டியது. ஆட்டக்காரர்கள் பெரும்பொழுதைத் தனியாகவே, ஆனால் பிறர் நடமாட்டத்துக்கு நடுவே கழிக்கிறார்கள் என்று அது காட்டியது. கூட்டு சேராதவருக்கும் ஆளரவம் வேண்டியிருக்கிறது என்பதே அதில் எனக்கு முதன்மையாகப் படும் செய்தி.

ஆளரவமும் எண்ணிக்கையும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும். 2009 டிசம்பரில் வந்த டஞ்சன் ஃபைண்டர், வெவ்வேறு சர்வர்காரர்களைத் தானாகவே ஒரு குழுவில் சேர்த்தது. ஆட்டம் சீக்கிரம் கிடைத்தது. முடிந்ததும் எல்லோரும் முகமறியாமல் கலைந்தார்கள். சரிவுக்கு இதுவே வித்து என்று பழைய ஆட்டக்காரர் பலர் இன்றும் சொல்வதை, காலவரிசை காட்டி மறுப்பவர்கள் உண்டு: உச்ச எண் வந்தது அதற்குப் பத்து மாதம் கழித்து அல்லவா? மறுப்பு வலுவானதுதான். ஆனால் அந்த உச்சம், சீனாவில் 2010 ஆகஸ்ட் இறுதியில் விளையாட்டின் லிச் கிங் விரிவாக்கம் வெளியானதை ஒட்டி எட்டப்பட்டது. மேற்கில் ஒரு சர்வரின் உறவுகள் தளர்ந்துகொண்டிருந்த அதே வேளையில் உலகக் கூட்டுத்தொகை ஏறியிருக்க முடியும்.

ஊகம் வெறுமையை விவரிப்பதோடு நிற்பதில்லை, அதை உண்டாக்கவும் செய்கிறது. நல்ல நிலையில் உள்ள வங்கியும் வதந்தியால் விழும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948-இல் காட்டினார். 'நம் சர்வர் செத்துவிட்டது' என்ற பேச்சு பரவினால், 25 டாலர் கட்டிக் கூட்டமான சர்வருக்கு மாறுபவர்கள் கிளம்புவார்கள். எஞ்சியவர்களுக்கு அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். நிறுவனத்தின் மொத்த எண்ணில் இந்த இடப்பெயர்ச்சி பதிவதே இல்லை. 2013-இல் சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கியபோது, ஆட்டக்காரர்களின் அச்சத்துக்கு அடிப்படை இருந்ததை நிறுவனமே செயலால் ஒப்புக்கொண்டது என்றே கொள்கிறேன்.

எண் நின்றும் ஊகம் நிற்கவில்லை. 2024 மார்ச்சில், விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் பிளிஸார்டின் ஜான் ஹைட் ஆற்றிய உரையில், எண்கள் குறிக்கப்படாத ஒரு சந்தா வரைபடம் திரையில் வந்தது. ஆட்டக்காரர்கள் அதன் உச்சியை 1 கோடியே 20 லட்சம் என்று வைத்து, கோட்டின் உயரத்தை அளந்து, அப்போதைய எண் 72 லட்சத்துக்குச் சற்று மேல் என்று கணித்தார்கள். 2019-இல் வந்த கிளாசிக் பதிப்பை ஆடுபவர்களும் அந்தக் கோட்டில் அடக்கம். இரு பதிப்புக்கும் சந்தா ஒன்றே. ஆனால் ஒன்றின் தெருவில் நிற்பவரை மற்றதிலிருந்து பார்க்க முடியாது.