சோமொரோஸ்த்ரோ: கடற்கரை யாருக்கு?

பார்சிலோனா கடற்கரையில் ஒரு பகுதிக்கு இன்று சோமொரோஸ்த்ரோ என்று பெயர். கோடையில் வெளிநாட்டுப் பயணிகள் அங்கே துண்டு விரித்து வெயில் காய்கிறார்கள். அது ஒரு சேரியின் பெயர். சேரி போய்விட்டது, பெயரை மட்டும் பின்னாளில் கடற்கரைக்கு வைத்தார்கள்.

சுற்றுலாவால் மக்கள் வெளியேற்றப்படுவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். வீட்டு வாடகைச் செயலிகள் வந்த பிறகு தொடங்கிய சிக்கல் என்றே பலர் நினைக்கிறார்கள். பார்சிலோனாவின் கடலோரத்தைப் பார்த்தால் கதை அதைவிடப் பழையது.

1714இல் நகரைக் கைப்பற்றிய ஐந்தாம் பிலிப்பின் அரசு, மக்களைக் கண்காணிக்கப் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டியது. அதற்காக லா ரிபேரா பகுதியின் பல நூறு வீடுகள் இடிக்கப்பட்டன. கடலோர மணல் திட்டில் பார்சிலோனெத்தா என்ற புதுக் குடியிருப்பு தொடங்கியது 1753இல்தான். வடிவமைத்தவர்கள் ராணுவப் பொறியாளர்கள். நேர்கோட்டுத் தெருக்கள், ஒரு மாடிக்கு மேல் போகாத வீடுகள். மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியேறினார்கள். எரிவாயு ஆலையும் எந்திர ஆலையும் வந்து கூட்டம் பெருகியதும் மாடிக்கு மேல் மாடி ஏறியது. ஒரு வீட்டை முதலில் இரண்டாக வகுந்தார்கள், பிறகு நான்காக. அந்தக் கால்வீடு 30, 35 சதுர மீட்டர்தான். நம் கணக்கில் 350 சதுர அடி அளவு. அதில் ஒரு முழுக் குடும்பம். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீடும் கிடைக்காதவர்கள் பக்கத்து மணலில் குடிசை போட்டார்கள். அதுதான் சோமொரோஸ்த்ரோ. தென் ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளும் ரோமா மக்களும் அங்கே வாழ்ந்தார்கள். ரோமாக்களின் மொழியும் மூதாதையரும் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவை. தொட்டால் தீட்டு என்ற சொல் அங்கே இல்லாமல் இருக்கலாம். ஊருக்கு வெளியே நிறுத்துவது இருந்தது. 1749இல் ஸ்பெயின் அரசு நாடு முழுவதும் ரோமாக்களை ஒரே நேரத்தில் வளைத்துப் பிடித்துச் சிறையிலும் கட்டாய உழைப்பிலும் அடைத்தது. சோமொரோஸ்த்ரோவில் பிறந்த ரோமா பெண் கார்மென் அமாயா, ஃபிளமெங்கோ ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றார். 1959இல் அவர் பெயரில் பார்சிலோனெத்தாவில் நீரூற்று திறந்தார்கள். அவர் பிறந்த குடிசைப்பகுதியோ புயல் அலை வரும்போதெல்லாம் கடலில் கரைந்துகொண்டிருந்தது.

1966 ஜூனில் சர்வாதிகாரி பிராங்கோ பார்க்கவிருந்த கடற்படை நிகழ்ச்சிக்காக, எஞ்சியிருந்த குடிசைகளைச் சில நாள்களில் இடித்து முடித்தார்கள். பல குடும்பங்கள் நகரத்துக்கு வெளியே, படலோனாவின் சான் ரோக் பகுதிக்கு அனுப்பப்பட்டன. விருந்தாளி வரும்போது ஏழையின் வீட்டைக் கண்ணிலிருந்து மறைப்பதை நாமும் பார்த்திருக்கிறோம், விளக்க வேண்டியதில்லை.

அப்போது அந்தக் கடற்கரைக்குப் பெரிய விலை இல்லை. ஆலைக் கழிவும் சாக்கடையும் ரயில் பாதையும்தான் கடலுக்கும் நகரத்துக்கும் நடுவே இருந்தன. 1992 ஒலிம்பிக் எல்லாவற்றையும் மாற்றியது. பாதையை அகற்றி, மணல் கொட்டி, நீண்ட கடற்கரையை உருவாக்கினார்கள். கடலோரம் மீன் வறுத்துக் கொடுத்த பழைய சிறு உணவகங்களையும் இடித்தார்கள். கடல் திரும்பக் கிடைத்தது என்று நகரம் கொண்டாடியது. சுத்தமான கடல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாற்றம் அடித்த காலத்தில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

பிறகு கால்வீட்டின் முறை வந்தது. ஒரு குடும்பத்துக்கு நெருக்கடியான அறை, இரண்டு பயணிகளுக்குக் கச்சிதமான அறை, அதுவும் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில். உரிமையாளர் நாள் கணக்கில் விட்டால் கோடையில் சில நாள்களிலேயே மாத வாடகையைத் தாண்டிவிடலாம். வாடகை ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மறுத்தால் போதும். புல்டோசரும் வேண்டாம், போலீசும் வேண்டாம். 2007இல் மாநகராட்சி லிஃப்ட் வைக்கும் திட்டம் கொண்டுவந்தபோதுகூடக் குடியிருப்போர் எதிர்த்தார்கள். படியேற முடியாத முதியவர்களுக்கு லிஃப்ட் தேவைதான். அதற்கு இடம் எடுக்கும்போது எந்தக் குடும்பம் வெளியேறும் என்பதே அவர்கள் கேள்வி.

2014 ஆகஸ்டில் சில பயணிகள் பார்சிலோனெத்தா தெருக்களிலும் ஒரு கடையிலும் நிர்வாணமாகத் திரிந்த படம் வெளியானது. மக்கள் நாள்தோறும் தெருவில் இறங்கினார்கள். ஊடகங்கள் நிர்வாணத்தைப் பேசின. மக்கள் வாடகையைப் பேசினார்கள். 2015இல் வீட்டுரிமைப் போராளி அடா கொலாவ் மேயரானார். புதிய விடுதி அனுமதிகளை நிறுத்திவைத்தார். 2024 ஜூனில் அடுத்த மேயர் ஜாவுமே கொல்போனி, பத்தாண்டுகளில் வாடகை 68 சதவீதம் உயர்ந்துவிட்டது என்று சொல்லி, 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். அடுத்த மாதம் ஊர்வலம் போனவர்கள் பயணிகள் மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்ததுதான் உலகச் செய்தியானது.

இந்த வெற்றியை நான் சிறிதாக நினைக்கவில்லை. தெருவில் நின்றவர்கள் வாங்கியது. ஆனால் 10,101 என்ற கணக்கில் இருப்பவை உரிமம் பெற்ற வீடுகள். 1966இல் மணலிலிருந்து தூக்கப்பட்டவர்களிடம் உரிமமும் இல்லை, பத்திரமும் இல்லை. சான் ரோக் இன்றும் ரோமா மக்கள் நிறைந்த ஏழைக் குடியிருப்பாகத்தான் இருக்கிறது.