குளிர்காலத்து வேண்டுகோள்



1977-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இரண்டாம் நாள் இரவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராக ஜிம்மி கார்ட்டர் பதவியேற்றுப் பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. வெள்ளை மாளிகையின் நூலகத்தில், எரியும் கணப்பின் அருகே அமர்ந்து, தொலைக்காட்சி வழியாக அவர் நாட்டு மக்களிடம் பேசினார். தலைவர்கள் வழக்கமாக அணியும் மேற்சட்டையை அவர் அணிந்திருக்கவில்லை; வீட்டில் உடுத்தும் கம்பளிச் சட்டையே அவர் மேல் இருந்தது. அன்று அவர் கூறியவற்றுள் ஒன்று மிக எளிய வேண்டுகோள்: உங்கள் வீட்டின் வெப்பநிலையைப் பகலில் 65 டிகிரி பாரன்ஹீட் அளவிலும், இரவில் 55 டிகிரி அளவிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது. நமக்குப் பழக்கமான சென்டிகிரேட் அளவில் இவை ஏறத்தாழ 18 டிகிரியும் 13 டிகிரியும் ஆகும்.

ஒரு வல்லரசின் தலைவர், மக்களின் படுக்கையறை வெப்பத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும்? போர்களையும் உடன்படிக்கைகளையுமே வரலாறு என்று படித்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு சமுதாயம் தன் அன்றாட வசதிக்கும் பொது நலத்துக்கும் இடையே எவ்வாறு வழி கண்டது என்பதும் வரலாறே. அந்தக் கதையைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்நாட்டு வீட்டைச் சற்று நினைவில் கொள்வோம். நாம் காற்று உள்ளே வருவதற்காக வீடு கட்டுகிறோம். அவர்கள் குளிர்காற்று உள்ளே வராதிருப்பதற்காகக் கட்டுகிறார்கள். பல வீடுகளில் தரைக்குக் கீழே நிலவறை ஒன்று உண்டு. அதிலே ஓர் உலை எரியும். அதில் சூடேறிய காற்றோ, நீரோ, நீராவியோ குழாய்களின் வழியே அறைதோறும் செல்லும். அந்த உலை எப்பொழுது எரியவேண்டும், எப்பொழுது அணையவேண்டும் என்று கட்டளையிடுவது, சுவரிலே பொருத்திய ஒரு சிறு கருவி. அதனைத் தெர்மோஸ்டாட் என்பர். வெப்பச் சீராக்கி என்று தமிழில் கூறலாம்.

இக்கருவி செயற்படும் முறை எளியது. இருவேறு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து ஒரே பட்டையாக்குகிறோம் என்று கொள்வோம். சூடேறும்போது ஓர் உலோகம் மற்றொன்றைவிட மிகுதியாக நீளும். ஆகவே பட்டை வளையும். குளிரும்போது மீண்டும் நிமிரும். அவ்வசைவைக் கொண்டே உலையின் காற்றுவழியைத் திறக்கவும் மூடவும் செய்யலாம். இத்தகைய ஈருலோகக் கருவிக்கு, 1830-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் காப்புரிமை பெற்றார்.

ஆனால், அறைகளின் வெப்பத்தை ஆளும் முறை வளர்ந்ததில் ஓர் ஆசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைக் கூறும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்னும் ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர் வாரன் ஜான்சன். அங்கே வகுப்பு நடக்கும்போதே பணியாள் ஒவ்வோர் அறையாக நுழைந்து, அறை சூடாக இருக்கிறதா, குளிராக இருக்கிறதா என்று பார்த்துச் செல்வார். பின்பு நிலவறைக்கு இறங்கிக் காற்றுவழிகளைத் திருத்துவார். பாடத்தின் நடுவே கதவு திறந்தால் மாணவர் கவனம் எங்கே போகும் என்பதை வகுப்பறையில் நின்ற எவரும் அறிவர். இத்தொல்லைக்கு மாற்றாக, அறையின் நிலையை மின்மணி மூலம் நிலவறைக்கு அறிவிக்கும் கருவி ஒன்றை ஜான்சன் அமைத்து, 1883-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மில்வாக்கி நகரில் அவர் தொழில் நிறுவனமும் தொடங்கினார். நாளடைவில் இத்தகைய கருவிகள் பள்ளிகளிலிருந்தும் பெருங்கட்டடங்களிலிருந்தும் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. 1953-இல் வெளிவந்த ஹனிவெல் நிறுவனத்தின் வட்ட வடிவக் கருவி, எண்ணற்ற அமெரிக்க வீடுகளின் சுவரில் இடம்பெற்றது.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதற்கு முன் குளிர்காயும் மனிதன் விறகைத் தானே வெட்டினான். நிலக்கரியைத் தானே வாரிக் கொட்டினான். விறகுக் குவியல் குறைவதை அவன் கண்கள் கண்டன; அதன் பளுவைத் தோள்கள் உணர்ந்தன. சுவரில் ஒரு திருகு வந்தபின் அந்த அறிவு மறைந்தது. விரலால் சிறிது திருப்பினால் போதும். எரிவாயுவும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாமல் எரிந்தன. வசதி பெருகியது, எரிவது எது, எவ்வளவு என்னும் நினைவு தேய்ந்தது.

அந்த நினைவை 1973-ஆம் ஆண்டு மீட்டுத் தந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மேற்காசியாவில் மூண்ட போரின்போது, அமெரிக்கா இஸ்ரேலுக்கு உதவியதைக் காரணமாகக் கொண்டு, அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த எண்ணெய் விலை, சில திங்களுக்குள் ஏறத்தாழ 12 டாலரை எட்டியது. நவம்பர் 7-ஆம் நாள், அப்பொழுது தலைவராக இருந்த ரிச்சர்டு நிக்சன் நாட்டு மக்களிடம் பேசினார். வீட்டு வெப்பத்தைக் குறைந்தது 6 டிகிரி தாழ்த்தி, நாடு முழுவதும் பகலில் சராசரி 68 டிகிரி பாரன்ஹீட்டாக, அதாவது 20 டிகிரி சென்டிகிரேட்டாக, அமையச் செய்யுமாறு வேண்டினார்.

ஆறு டிகிரியால் என்ன பயன் விளையும் என்று நீங்கள் கேட்கலாம். பௌதிகம் விடை தரும். துளையுள்ள ஒரு நீர்த்தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியில் நீர்மட்டம் உயர உயர, துளையின் வழியே நீர் விரைந்து ஒழுகும். மட்டம் தாழ்ந்தால் ஒழுக்கும் தளரும். குளிர்நாட்டு வீடும் அத்தகையதே. உள்ளேயுள்ள வெப்பநிலைக்கும் வெளியேயுள்ள வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, அதற்கேற்ப வெப்பம் வெளியே கசியும். வெளியே நீர் உறையும் நிலையாகிய 32 டிகிரியும், உள்ளே 74 டிகிரியும் இருப்பின் வேறுபாடு 42. உள்ளே 68 ஆகக் குறைத்தால் வேறுபாடு 36. எனவே, கசியும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. ஒரு வீட்டில் இது சிறு துளி; கோடிக்கணக்கான வீடுகளில் இது வெள்ளம்.

இரவில் வெப்பத்தைக் குறைத்துக் காலையில் மீண்டும் ஏற்றினால், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே செலவாகிவிடாதா என்பது பலரும் கேட்கும் மற்றொரு கேள்வி. அவ்வாறு ஆகாது. இரவெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்திருந்தமையால் ஒழுகிய நீர் குறைவு. காலையில் நாம் நிரப்புவது, மட்டத்தை உயரத்திலேயே வைத்திருந்தால் இரவெல்லாம் ஊற்றியிருக்க வேண்டிய அளவைவிடக் குறைவேயாகும். நாள்தோறும் எட்டு மணி நேரம் 7 முதல் 10 டிகிரி பாரன்ஹீட் வரை குறைத்து வைத்தால், ஆண்டுச் செலவில் பத்து விழுக்காடு வரை மிஞ்சக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணித்துள்ளது.

இனி, நாம் தொடங்கிய 1977-ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்கு வருவோம். அது கொடிய குளிர்காலம். ஒஹையோ ஆறு உறைந்தது. வெப்பநாடு போன்ற புளோரிடாவின் மையாமி நகரிலும் ஜனவரி 19-ஆம் நாள் பனித்துகள் விழுந்தது. இம்முறை தட்டுப்பாடு இயற்கை எரிவாயுவில் உண்டாயிற்று. அதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. மாநில எல்லையைத் தாண்டி விற்கும் எரிவாயுவுக்கு, 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி, மத்திய அரசு கிணற்றடியிலேயே விலைக்கட்டுப்பாடு விதித்து வந்தது. தம் மாநிலத்துக்குள் விற்றால் கூடுதல் விலை கிடைத்தமையால், உற்பத்தியாளர் வெளிமாநிலங்களுக்கு விற்க முனையவில்லை. குளிர்மிகுந்த வடகிழக்கு மாநிலங்களும் நடுமேற்கு மாநிலங்களும் வாடின.

பற்றாக்குறை நேர்ந்தால் யாருக்கு முதலில் எரிவாயு தருவது? வீடுகளுக்கே முதலிடம் என்பது முறை. மக்கள் குளிரில் விறைக்கலாகாது அன்றோ! ஆகவே, குழாய்கள் முதலில் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் அடைக்கப்பட்டன. பல இலட்சம் தொழிலாளர் வேலையின்றி வீடு திரும்பினர். ஒஹையோவின் தலைநகராகிய கொலம்பஸ் நகரில், பிப்ரவரித் திங்களில் பொதுப் பள்ளிகளுள் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக் கிடந்தன. அந்நகரத்து ஆசிரியர்கள் சோர்ந்துவிடவில்லை. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாளேட்டிலும் பாடங்களை நடத்தினர். எரிவாயு தேவைப்படாத சில கட்டடங்களில் வாரம் ஒருமுறை மாணவர் வந்து ஆசிரியரைக் கண்டனர். 'பள்ளியில்லாப் பள்ளி' என்று அத்திட்டத்துக்குப் பெயர். வானொலியின் முன் அமர்ந்து இதைக் கேட்கும் நீங்கள், அந்த மாணவரின் நிலையை எளிதில் உணர்வீர்கள்.

இப்பொழுது கார்ட்டரின் வேண்டுகோள் வேறொரு பொருள் பெறுகிறது. நடுவறையில் மெல்லிய சட்டையோடு உலவும் பொருட்டு ஒரு குடும்பம் மிகையாக எரித்த வாயுவே, பக்கத்துத் தெருப் பள்ளியின் உலைக்குச் செல்லாது நின்ற வாயு. மக்கள் அவர் கூறிய அளவைக் கடைப்பிடித்தால் பற்றாக்குறையில் பாதியை ஈடு செய்யலாம் என்று கார்ட்டர் கூறினார். அன்றே அவசரச் சட்டம் ஒன்றில் கையொப்பமிட்டு, எரிவாயு மிகுந்த பகுதியிலிருந்து குறைந்த பகுதிக்கு அதனைத் திருப்பிவிட வழி செய்தார். தம் மாளிகையிலும் வெப்பத்தைக் குறைக்கச் செய்தார். பிறரிடம் கேட்பதைத் தாம் முதலில் செய்தல் என்னும் நெறி அதில் இருந்தது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? 1979-இல் ஈரான் புரட்சியையொட்டி எண்ணெய் நெருக்கடி மீண்டும் தோன்றியபோது, வேண்டுகோள் கட்டளையாயிற்று. குடியிருப்பு அல்லாத கட்டடங்களைக் குளிர்காலத்தில் 65 டிகிரிக்கு மேல் சூடாக்கலாகாது, கோடையில் 78 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கலாகாது என்று ஜூலைத் திங்களில் விதி வந்தது. அடுத்து வந்த தலைவர் ரொனால்டு ரீகன், அது மிகையான சுமை என்று கருதி, 1981 பிப்ரவரியில் அதை நீக்கினார். கார்ட்டரின் கம்பளிச் சட்டையும், சிக்கனத்தின் சின்னம் என்பதினும் தாழ்வுற்ற நாட்டின் சின்னம் என்றே பலரால் எள்ளப்பட்டது.

அப்படியாயின் அந்த வேண்டுகோள் வீணாயிற்றா? நான் அவ்வாறு கருதவில்லை. ஆனால், அதன் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். ஆபத்து கண்முன் நிற்கும்போது மக்கள் வசதியைச் சுருக்கிக்கொள்வர்; ஆபத்து விலகியதும் திருகு மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நிலைத்து நின்றவை வேறு. வறியோர் வீடுகளின் சந்துகளை அடைத்து, கூரையிலும் சுவரிலும் வெப்பம் காக்கும் பொருள்களை இட்டுத் தரும் திட்டத்துக்கு 1976-இல் அமெரிக்கா சட்டம் செய்தது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அது பயன் தந்து வருகிறது. நீர்மட்டத்தைத் தாழ்த்துவது ஒரு பருவத்துக்கு உதவும்; துளையை அடைப்பது ஆண்டாண்டுக்கும் உதவும்.

மற்றோர் எல்லையும் உண்டு. குளிரைத் தாங்கும் ஆற்றல் எல்லோருக்கும் ஒன்றன்று. முதியோரும் கைக்குழந்தைகளும் நோயாளரும் குளிர்ந்த அறையில் எளிதில் துன்புறுவர். குளிர்நாட்டு வீடுகளில் 18 டிகிரி சென்டிகிரேட்டுக்குக் குறையாத வெப்பம் நலத்துக்கு ஏற்றது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டியுள்ளது. காசில்லாமல் ஏற்கெனவே குளிரில் வாடும் முதியவரிடம் போய் இன்னும் குறைத்துக்கொள் என்று கூறுவது சிக்கனமன்று, கொடுமை. மிகுதியாக உடையவனிடமே இந்த வேண்டுகோள் நியாயமாகச் சென்று சேரும்.

1977-இன் பாடம் ஐரோப்பாவில் மீண்டும் உரைத்துப் பார்க்கப்பட்டது. 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின், ஐரோப்பாவுக்கு வந்த ரஷ்ய எரிவாயு பெரிதும் குறைந்தது. ஜெர்மனி, பொது அலுவலகங்களில் 19 டிகிரி சென்டிகிரேட்டுக்கு மேல் சூடாக்குவதைச் செப்டம்பரிலிருந்து தடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அடுத்த மார்ச்சு வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிவாயுச் செலவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 18 விழுக்காடு குறைந்தது. அதில் கடுமையற்ற பருவநிலைக்கும், விலையேற்றத்துக்கும், தொழிற்சாலைகள் உற்பத்தியைச் சுருக்கியதற்கும் பங்கு உண்டு. ஆயினும், வீடுதோறும் திருகைச் சற்றே திருப்பிய கைகளுக்கும் பங்கு உண்டு.

மாணவர்களே, குளிர்நாட்டுக் கருவியின் கதை நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். வகுப்பறைக் கதவு அடிக்கடி திறக்கிறதே என்று வருந்திய ஓர் ஆசிரியரின் வழியில் வளர்ந்தது அக்கருவி. ஒரு நூற்றாண்டு கழிவதற்கு முன்பே, அதே கருவியை மக்கள் எவ்வாறு திருப்புகிறார்கள் என்பதைப் பொறுத்து, மற்றோர் ஊரின் வகுப்பறைக் கதவுகள் திறப்பதும் மூடுவதும் அமைந்தன. பொதுவான ஒரு பொருள் குறையும்போது, என் வீட்டு மிகுதி எங்கோ ஒருவரின் குறையாகிறது. அந்த ஒருவரை நாம் காண்பதில்லை. காணாத அவரை நினைவில் வைத்துக் கையை நீட்டுபவனே நல்ல குடிமகன்.