நவநீதம் பிள்ளை: குற்றப்பத்திரிகையில் விடுபட்டதைப் பதிவேற்றிய அமர்வு

நவநீதம் பிள்ளை 1941இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பேருந்து ஓட்டுநர். உள்ளூர் இந்தியச் சமூகத்தினரின் நன்கொடையும் அவரது சட்டப்படிப்புக்குத் துணைநின்றது. வெள்ளையரல்லாத பெண்ணைப் பணியமர்த்தச் சட்ட நிறுவனங்கள் முன்வராத நிலையில், 1967இல் தாமே அலுவலகம் தொடங்கினார். 1973இல், ராபன் தீவில் மண்டேலா உள்ளிட்ட கைதிகள் வழக்குரைஞர்களைச் சந்திக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தார். ஆயினும் 28 ஆண்டுகால வழக்குரைஞர் வாழ்வில் நீதிபதியின் அறைக்குள் அவர் அனுமதிக்கப்பட்டதில்லை. 1995இல் தாமே நீதிபதியான பின்னரே அங்கு நுழைந்தார்.

அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை அவரை ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்துக்குத் தேர்ந்தெடுத்தது. டாபா பகுதியின் மேயரான அகயேசு மீதான வழக்கை விசாரித்த மூவர் அமர்வில் அவர் ஒருவரே பெண். முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை குறித்து ஒரு சொல்லும் இல்லை. 1997 ஜனவரியில் சாட்சியம் அளித்த பெண்ணொருவர் தம் சிறுமகள் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டதைக் கூறினார். அமர்வு அதைக் கடந்து செல்லாமல் மேலும் வினவியது. பெண்கள் அமைப்புகளும் வலியுறுத்தின. அவ்வாண்டு ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர் சொன்னது ஒன்றாகவும் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது வேறொன்றாகவும் இருக்கும் வன்கொடுமை வழக்குகளை நடத்தும் நமக்கு, இந்த ஐந்து மாதங்களின் எடை தெரியும்.

1998 செப்டம்பர் 2 அன்று வெளியான தீர்ப்பு, ஓரினத்தை அழிக்கும் நோக்கில் நிகழ்த்தப்படும் வன்புணர்வும் இனப்படுகொலையே என்றது. ஒரு சர்வதேச நீதிமன்றம் அவ்வாறு தீர்ப்பளித்தது அதுவே முதல்முறை. வற்புறுத்தலை மெய்ப்பிக்க உடல்பலப் பிரயோகத்தைக் காட்ட வேண்டியதில்லை. அச்சமும் சூழலுமே போதும் என்றும் அது வரையறுத்தது. நம் நீதிமன்றங்களில் காயச் சான்று கேட்கப்படும்போதெல்லாம் நாம் எடுத்துவைக்கத்தக்க பகுதி இது.

1999 முதல் 2003 வரை அத்தீர்ப்பாயத்தின் தலைவராகவும், பின்னர் 2008 வரை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவில் நீதிபதியாகவும் இருந்தார். 2008இல் ஐ.நா. மனித உரிமை ஆணையரானார். அடுத்த ஆண்டே, சாதியப் பாகுபாட்டை ஒழிக்க உலக நாடுகள் முன்வர வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். சாதி இனப்பாகுபாடு ஆகாது என்பது இந்திய அரசின் வாதம். 2001இல் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டிலும் அது அவ்வாறே வாதிட்டது. அம்மாநாடு கூடிய ஊர், அவர் பிறந்த டர்பன்.