தள்ளுபடி யாருடைய பணம்? திருவனந்தபுரத்தின் குடும்பச் செலவும் சலுகை அட்டைகளும்

வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் வாங்குபவரின் சாமர்த்தியத்தைப் பற்றிய பேச்சாகவே முடிகிறது. எந்தக் கடையில் எந்த நாளில் தள்ளுபடி, எந்த அட்டைக்கு எத்தனை புள்ளி, எந்தச் செயலியில் எந்தக் கூப்பன் என்று கணக்குப் பார்ப்பவரே சிக்கனக்காரர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. தள்ளுபடியின் அளவைக் கேட்பதற்கு முன், அது யாருடைய பணத்திலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பொதுநிதியிலிருந்தோ விற்பவரின் ஆதாயத்திலிருந்தோ வருவது குடும்பத்துக்கு மிச்சம். வாங்குபவர் கூடுதலாகச் செலவழித்து ஈட்டுவது பெரும்பாலும் மிச்சமாவதில்லை. இம்மூன்று வகையும் அருகருகே இருக்கும் திருவனந்தபுரம் இந்த வாதத்தைச் சோதிக்க ஏற்ற நகரம்.

கூப்பனின் பொருளியலை 1984இல் ‘மார்க்கெட்டிங் சயின்ஸ்’ இதழில் சக்கரவர்த்தி நரசிம்மன் தெளிவாக விளக்கினார். ஒரே பொருளை இருவேறு விலைக்கு விற்க உதவும் கருவி அது. விலையைக் கூர்ந்து பார்ப்பவர்கள் நேரம் செலவழித்துக் கூப்பனைத் தேடிக் குறைந்த விலையில் வாங்குகிறார்கள்; நேரமில்லாதவர்கள் முழு விலை தருகிறார்கள். ஆக, கூப்பன் வழியே கிடைக்கும் பணத்துக்கு வாங்குபவர் தம் நேரத்தை ஈடாகத் தருகிறார். இந்தியாவில் இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. பொட்டலப் பொருள்களில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை ஓர் உச்சவரம்பு. அதை நிர்ணயிப்பவர் உற்பத்தியாளர். அந்த எண்ணிலிருந்து கழித்துக் காட்டப்படும் தள்ளுபடி, எண் எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிதாகத் தோன்றும்.

இந்த உச்சவரம்பை நுகர்வோருக்குச் சாதகமாகத் திருப்பும் முயற்சி திருவனந்தபுரத்திலேயே பிறந்தது. நுகர்வோர் பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட ஓர் அமைப்பின் கீழ் 1994இல் இங்கே தொடங்கிய ‘மார்ஜின் ஃப்ரீ மார்க்கெட்’ கடைகள், அச்சிட்ட விலைக்குக் கீழே விற்பதையே கொள்கையாக வைத்தன. அட்டைதாரர்களுக்குத் தனித் தள்ளுபடியும் தந்தன. மொத்தமாகக் கொள்முதல் செய்து, இடைத்தரகைக் குறைத்து, சில்லறை ஆதாயத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதே வழிமுறை. இங்கே தள்ளுபடி விற்பவர் பக்கத்திலிருந்து வந்தது. மாநிலமெங்கும் அக்கடைகள் பரவியதற்கு அதுவே காரணம் என்பது என் வாதம்.

பொதுநிதியிலிருந்து வரும் தள்ளுபடிக்கு வரலாறு இன்னும் நீளம். 1960களின் நடுவில் அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் விரிந்த ரேஷன் முறை, கேரளத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ஓர் அட்டையைத் தந்தது. 1974இல் உருவான மாநில உணவுப் பொருள் வழங்கல் கழகம், அதாவது சப்ளைகோ, மாவேலி ஸ்டோர்கள் வழியே அந்த அட்டைக்கு இன்னொரு பயனைச் சேர்த்தது. பாசிப்பயறு, உளுந்து, கடலை, துவரம் பருப்பு, மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அரிசி வகைகள் என 13 பொருள்கள் அங்கே மானிய விலையில் கிடைக்கின்றன. 2016 முதல் மாறாதிருந்த அவ்விலைகள் 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. சந்தை விலையைவிட 35 விழுக்காடு குறைவு என்பது புதிய அளவுகோல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். சந்தையில் துவரம் பருப்பு கிலோ 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 35 விழுக்காடு போக 104 ரூபாய்; மிச்சம் 56. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள புள்ளி தரும் பேரங்காடியில் அதே 56 ரூபாயைச் சேர்க்க 5,600 ரூபாய்க்கு வாங்க வேண்டும். சேர்ந்த புள்ளியும் ரொக்கமாகக் கைக்கு வராது. அதே கடையில், காலக்கெடுவுக்குள் செலவழித்தாக வேண்டும். ரேஷன் அட்டை அரசைக் குடும்பத்துக்குக் கடமைப்படுத்துகிறது. புள்ளி அட்டையோ குடும்பத்தைக் கடையோடு கட்டிவைக்கிறது.

மருந்துக் கடையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. மளிகையில் எதை வாங்குவது என்று வீடு முடிவு செய்கிறது. மருந்தை முடிவு செய்பவர் மருத்துவர். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை உச்ச விலையைக் கணக்கிடும்போது சில்லறை வணிகருக்கு 16 விழுக்காடு ஆதாயமே சேர்க்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளில்தான் பெருந்தள்ளுபடிக்கு இடமிருக்கிறது, ஏனென்றால் அச்சிட்ட விலையே அங்கு ஊதியிருக்கலாம். 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரம்பு வைத்தபோது, சிலவற்றின் விலை 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அத்தகைய மருந்துக்கு முன்பு 20 விழுக்காடு தள்ளுபடி பெற்ற ஒருவர் மிச்சம் பிடித்ததாக நினைத்திருப்பார். உண்மையில் அவர் பன்மடங்கு கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

இதற்கு மாற்று இந்நகரில் இருக்கிறது. கேரள மருத்துவச் சேவைக் கழகம் நடத்தும் காருண்யா மருந்தகங்கள் மொத்தக் கொள்முதலின் பலனை நோயாளிக்குத் தருகின்றன. 2024 ஆகஸ்டில் புற்றுநோய் மருந்துகளை ஆதாயமின்றி விற்கும் பிரிவுகளும் மாவட்டந்தோறும் தொடங்கின. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் வணிகப் பெயரற்ற மருந்துகள் கிடைக்கின்றன. ஆனால் சீட்டில் வணிகப் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தால் நோயாளி அங்கே போய் நின்று பயனில்லை. மூலப் பெயரில் எழுத வேண்டும் என்ற தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி 2023 ஆகஸ்டில் வந்து, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. நாட்பட்ட நோய்க்கு மாதாமாதம் மருந்து வாங்கும் வீட்டுக்கு, சீட்டில் மூலப் பெயரில் எழுதிய ஒரு வரி தரும் மிச்சத்தை எந்தப் புள்ளித் திட்டமும் தராது.

இதற்கு வலுவான எதிர்வாதம் உண்டு. மானியக் கடையில் சரக்கு இல்லாவிட்டால் மானியம் ஏட்டில்தான் இருக்கும். 2023இல் வழங்குநர்களுக்கான நிலுவை சேர்ந்து, பல மாவேலி ஸ்டோர்களில் மானியப் பொருள்கள் தீர்ந்துபோயின. நாள்கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, பாதிப் பொருளோடு திரும்பும் பெண்ணுக்கு, எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் பேரங்காடி நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. நேரமும் செலவுதான் என்று மேலே சொன்ன வாதம் இங்கே அரசுக்கும் பொருந்தும். காலியான அலமாரியும் ஏழையின் நேரத்தைத்தான் விலையாகக் கேட்கிறது. தரத்தைப் பற்றிய ஐயமும் அப்படித்தான். மூலப் பெயர் மருந்தின் மீது நம்பிக்கை வளர, சோதனை முடிவுகள் வாங்குபவர் கண்ணில் படும்படி வெளியாக வேண்டும்.

இந்த எதிர்வாதம் பொதுக் கடைகளைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றின் அளவுகோலை மாற்றச் சொல்கிறது. எத்தனை விழுக்காடு மானியம் என்பதோடு, மாதத்தில் எத்தனை நாள் 13 பொருள்களும் கையிருப்பில் இருந்தன என்பதையும் ஒவ்வொரு கடையும் பலகையில் எழுத வேண்டும். குடும்பமும் அச்சிட்ட விலையிலிருந்து கழிந்த தொகையை விட்டுவிட்டு, தேவையான பொருளுக்கு ஒரு கிலோவுக்கும் ஒரு மாத்திரைக்கும் கைவிட்டுப் போன காசைக் குறித்து வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் சிக்கனம் தனிமனிதச் சாமர்த்தியத்தோடு நிற்பதில்லை. சரக்கு நிறைந்த மாவேலி ஸ்டோரும், மூலப் பெயரில் எழுதிய மருந்துச் சீட்டும் குடிமக்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள். கூப்பன் தேடச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை அவற்றைக் கேட்பதில் செலவிடுவதே மேல்.