கண்ணுக்குத் தெரியாத திவலை

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால் கோலசிலாங்கூர் மாவட்டம் வரும். மலாயாவில் எண்ணெய்ப்பனை முதன்முதல் வியாபாரத்திற்காக நடப்பட்டது அங்குள்ள தென்னமரம் தோட்டத்திலேயாம், ஆண்டு 1917. அப்பயிர் பெருகிய காலத்தில், புதரிலும் புல்லிலும் உழைத்த தோட்டத் தொழிலாளரைப் புதர்க்காய்ச்சல் வாட்டியது. தெய்வக் குற்றமென்று தாயத்துக் கட்டியதால் அது தீரவில்லை. 1900-ல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் நோயாளரின் இரத்தத்தைப் பரிசோதித்து ஆராய்ந்தனர். அங்கிருந்த லூத்வெயிட், சவூர் ஆகியோரும் அமெரிக்க அறிஞர் ஸ்மாடெல் குழுவினரும் 1948-ல் குளோராம்பெனிக்கால் மருந்தால் அந்நோயைக் குணப்படுத்திக் காட்டினர்.

ஆனால், கிருமி நோயாளியின் உடலைவிட்டுக் கண்ணாடிக் குழலுக்குள் வந்தபின் அபாயம் ஒழிந்ததென்று கொள்ளலாமோ? 1910-ல் ரிக்கெட்ஸும் 1915-ல் புரோவாசெக்கும் தாம் ஆராய்ந்த டைபஸ் நோயினாலேயே மாண்டனர். 2003-ல் சிங்கப்பூரில் ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்கு ஸார்ஸ் கண்டது. அவர் ஆராய்ந்ததோ மேற்கு நைல் கிருமியை! அதனோடு ஸார்ஸ் கிருமியும் கலந்திருந்ததை விசாரணைக் குழு கண்டறிந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்தார், பிறருக்கும் பரவவில்லை. குழலுக்குள் இருப்பது இன்னதென்று நாம் நம்புவது வேறு, உண்மையில் இருப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இன்று இரத்தத்தின் உயிரணுக்களை வகைபிரிக்க ஓர் இயந்திரம் உண்டு. 1965-ல் அமெரிக்கராகிய புல்வைலர் வெளியிட்ட முறைப்படி, அது திரவத்தை மெல்லிய தாரையாகச் செலுத்தி, அதிர்வினால் வினாடிக்குப் பல்லாயிரம் துளிகளாக உடைத்து, வேண்டிய துளிக்கு மின்னேற்றித் தனிக் குழலில் விழச் செய்கிறது. துளைமுனை சிறிது அடைபட்டால் தாரை கோணும். சிதறிய நுண்திவலை காற்றில் மிதந்து மூச்சோடு நுரையீரலை அடையும். ஆதலின், இயந்திரத்தைப் பாதுகாப்பு அலமாரிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி வடிகட்டுதல் வேண்டும்; தீங்கற்ற ஒளிர்துகள்களை ஓட்டிக் கசிவுண்டாவென முன்னரே சோதித்தல் வேண்டும்; அடைப்பு நேர்ந்தால் தாரையை நிறுத்தி, திவலை நீங்குமளவும் கதவைத் திறவாதிருத்தல் வேண்டும்.

இவற்றை வீண்செலவு என்பாரும் உளர். அவ்வறையில் மூச்சுவிடுவோர் பேராசிரியர் மட்டுந்தாமா? குழல் கழுவும் ஊழியரும் தரை துடைக்கும் பெண்ணும் அக்காற்றையே சுவாசிக்கின்றனர். குழலில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு எவரும் சொல்வதுமில்லை. தோட்டத் தொழிலாளியின் உயிர் காக்க முன்வந்த விஞ்ஞானம், தன் வாயிலில் நிற்கும் தொழிலாளியையும் காத்தல் கடமை என்பதே நமது துணிபு.