பழைய மிதவைப் படகு வாங்கப் போகும் தம்பிமாருக்கு



நம்மூர்த் தம்பிமார் சிலர் பழைய மிதவைப் படகு ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கீழே இரண்டு வரிசையில் பரல்கள், மேலே பலகைத் தளம், சுற்றிவரத் துருப்பிடித்த கம்பி வேலி. திருத்தி எடுத்து, பெருநாள் நாட்களில் குடும்பங்களை ஏற்றி களப்பில் ஒரு சுற்றுக் காட்டலாம் என்பது திட்டம். ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை. "சேர், இதுட வரலாறு ஏதும் தெரியுமா?" என்று கேட்டார்கள். கேட்டது வரலாறுதான். ஆனால் இந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் திருத்தும் வேலையும் கூடவே வந்துவிடும். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மிதப்பதன் மேல் பலகை போடுவது மிகப் பழைய யோசனை. அப்பாஸியர் காலத்து பக்தாதில் மக்கள் தஜ்லா நதியைக் கடந்தது, படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை விரித்த பாலங்களில்தான். ஹிஜ்ரி 13இல் புராத் நதிக்கரையில் நடந்த 'ஜிஸ்ர்' யுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படியொரு படகுப் பாலத்தால். சண்டையின் நடுவே பாலம் அறுக்கப்பட்டபோது திரும்ப வழியில்லாமல் பெருந்தொகையானோர் ஆற்றில் மூழ்கினார்கள். முஸன்னா இப்னு ஹாரிஸா எதிரியைத் தடுத்து நின்று, பாலத்தைத் திரும்பக் கட்டுவித்து, எஞ்சியவர்களைக் கரை சேர்த்தார். மிதவை திருத்துவது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்!

தம்பிமார் பார்த்துவிட்டு வந்த வகைப் படகு பிறந்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். ரிச்மண்ட் என்ற ஊரில் அம்ப்ரோஸ் வீரஸ் என்றொருவர், இரும்புப் பரல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெல்டிங் செய்து இரண்டு நீண்ட வரிசையாக்கி, மேலே மரத்தளம் போட்டால் ஏரியில் சாதாரண படகைவிட ஆடாமல் நிற்கும் என்று நம்பினார். 1952இல் அதையே தொழிலாக்கினார். பின்னர் இரும்புப் பரலின் இடத்தை அலுமினியக் குழாய் பிடித்தது. அடிப்படை மட்டும் மாறவில்லை: இரண்டு மிதவைகள் எவ்வளவு அகலமாக விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்குப் படகு உறுதி.

நமக்கு இது புதிய சாமானும் இல்லை. கிழக்கு மாகாணத்தில் இதைத்தான் 'பாதை' என்கிறோம். 2009இல் பெரிய பாலம் திறக்கும் வரை கிண்ணியா மக்களும், 2014இல் பாலம் வரும் வரை மண்முனைத் துறையால் போனவர்களும் பாதையில்தான் கடந்தார்கள். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பிரசவ வேதனையில் இருந்த பெண், ஜனாஸா, எல்லாம் அதன் மேல்தான் போயின. அந்தக் காலத்தைப் பற்றி வயதானவர்களிடம் கேட்டு யாராவது எழுதி வைக்க வேண்டும். அது வேறொரு பதிவு.

2021 நவம்பர் 23ஐ நாம் மறக்க முடியாது. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம், மாற்றாக ஓடிய பாதை காலையில் கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் மௌத்தானார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பிழை யாருடையது என்று எழுத இங்கே வரவில்லை. மிதவைப் படகின் பொதுவான குணத்தை மட்டும் சொல்கிறேன். இரண்டு மிதவையும் பாதி வெளியே தெரியும் வரை அது தரை மாதிரி நிற்கும், பயமே வராது. ஆட்கள் ஒரு பக்கம் ஒதுங்கி அந்தப் பக்க மிதவை முழுதாகத் தாழ்ந்துவிட்டால், அதற்கு மேல் தாங்கும் சக்தி அதனிடம் இல்லை. அந்தக் கணத்திலிருந்து கவிழ்வது சில விநாடி வேலை.

ஆகவே பெயின்ட், சீட், பாட்டுப் பெட்டி எல்லாம் பிறகு. முதலில் படகைக் கரையேற்றி மிதவைகளைத் தட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் சத்தம் மாறும், ஆட்டினால் சலசலக்கும். உள்ளே போன தண்ணீர் பாரம் மட்டுமல்ல. படகு சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். வெல்டிங் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, உள்ளே மெல்லக் காற்று கொடுத்தால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டும். காற்றைக் கூட்டிக் கொடுத்தால் மிதவை வெடித்துவிடும், கவனம். தளத்தின் பிளைவூட்டை மேலே பார்த்து நம்ப வேண்டாம். கீழே படுத்து ஸ்குரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள். உக்கல் அங்கிருந்துதான் தொடங்கும். அலுமினிய மிதவையாக இருந்தால் இரும்பு போல்ட் தொடும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டி இருந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். மேல்மாடி கட்டும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். பாரம் உயர்ந்தால் சாய்வும் கூடும்.

இனி கணக்கு. 210 லீற்றர் பரல் பாதி மூழ்கினால் 105 கிலோ தாங்கும். பத்துப் பரலுக்கு 1050 கிலோ. பரல்களின் சொந்தப் பாரம் சுமார் 200 கிலோ, தளம், வேலி, இயந்திரம், எண்ணெய் எல்லாம் 300 என்று வைத்தால் மிச்சம் 550. ஆளுக்கு 60 கிலோ வீதம் ஒன்பது பேர். ஓட்டுபவரைக் கழித்தால் எட்டு. "இன்னும் பாதி பரல் வெளியே கிடக்கே சேர்" என்பீர்கள். அந்தப் பாதிதான், எல்லோரும் ஒரு பக்கம் ஓடி வரும்போது உங்களிடம் இருக்கும் கையிருப்பு.

பாரம் ஏற்றிய கப்பல்கள் தாழ்ந்து மூழ்குவதைப் பார்த்துப் பிரித்தானியாவில் சாமுவேல் பிளிம்சோல் பாராளுமன்றத்தில் சண்டை பிடித்தார். 1876இல் கப்பலின் பக்கத்தில் பாரக் கோடு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. நீங்களும் ஒவ்வொரு பரலிலும் பாதி உயரத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். எல்லோரும் ஏறி, லைஃப் ஜெக்கட் போட்டு, அமர்ந்த பிறகு ஒருவர் கரையில் இறங்கி நின்று இரண்டு பக்கமும் பார்க்கட்டும். தண்ணீர் கோட்டைத் தொட்டிருந்தால் கடைசியாக ஏறியவர் அடுத்த சுற்றுக்கு.