தாமிரம் காத்திருந்த 43 வருடங்கள்

வினையூக்கியைப் பொடியாக்கினால் மேற்பரப்பு கூடும், வினையும் வேகமாகும். பள்ளிக்கூடத்திலேயே இதை எல்லோரும் படித்திருப்போம். பாடம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் பொடியாக்கியதைப் பொடியாகவே வைத்திருப்பது எப்படி? மெத்தனால் தொழிலின் வரலாறே இந்தக் கேள்விதான்.

1923-ல் ஜெர்மனியின் லொய்னா நகரில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, தொழிற்சாலை அளவில் மெத்தனால் தயாரிக்க ஆரம்பித்தது. வினையூக்கி துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும். அது வேலை செய்ய 300 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆனால் வெப்பம் ஏற ஏற மெத்தனால் உருவாவது குறையும். அதை ஈடுகட்ட 250 முதல் 350 வளிமண்டல அழுத்தம்!

தாமிரம் இதைவிடச் சுறுசுறுப்பானது என்பது 1920களிலேயே ஆய்வுக்கூடங்களில் தெரியும். பிறகு ஏன் பயன்படுத்தவில்லை? இரண்டு காரணங்கள். ஒன்று, நிலக்கரியிலிருந்து வந்த வாயுவில் இருந்த கந்தகம் தாமிரத்துக்கு விஷம். இரண்டாவதுதான் நம் விஷயம்.

ஒரு தாமிரத் துகளில் வெளியே இருக்கும் அணுக்கள் மட்டுமே வேலை செய்யும், உள்ளே இருப்பவை சும்மா இருக்கும். மொத்த அணுக்களில் எத்தனை சதவீதம் வெளியே இருக்கிறது என்பதைத்தான் 'டிஸ்பர்ஷன்', அதாவது சிதறல், என்கிறார்கள். 10 நானோமீட்டர் துகளில் இது சுமார் 10 சதவீதம், 2 நானோமீட்டர் என்றால் சுமார் 50 சதவீதம். ஆனால் தாமிரம் 1085 டிகிரியிலேயே உருகிவிடும் (பிளாட்டினத்துக்கு 1768). அதனால் அதன் அணுக்கள் குறைந்த வெப்பத்திலேயே நகரத் தொடங்கிவிடும். ரசத்தில் மிதக்கும் நெய்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். சிதறல் போனால் வேகமும் போச்சு.

1966-ல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐ.சி.ஐ. நிறுவனம் இரண்டையும் தாண்டியது. கந்தகம் நீக்கிய வாயு அப்போது கிடைத்தது. தாமிரம், துத்தநாகம், அலுமினியம் மூன்றின் உப்புக் கரைசல்களையும் சோடியம் கார்பனேட்டோடு சேர்த்து ஒன்றாகவே வீழ்படிவாக்கினார்கள். அதை உலர்த்தி, சுட்டு, ஹைட்ரஜனால் ஒடுக்கினால், ஆக்சைடுகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தாமிரத் துகள்கள். ஆக்சைடுகள் தடுப்புச் சுவர் மாதிரி நின்று துகள்கள் ஒட்டாமல் பார்த்துக்கொண்டன. வெப்பம் சுமார் 250 டிகிரிக்கு இறங்கியது, அழுத்தம் சுமார் 50-க்கு!

சரி, சிதறலை எப்படி அளப்பது? நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு, இருக்கிறதே, அதை தாமிரத்தின் மேல் செலுத்துவார்கள். மேற்பரப்பில் உள்ள இரண்டு தாமிர அணுக்களுக்கு ஒரு ஆக்சிஜன் என்று ஒட்டிக்கொள்ள, நைட்ரஜன் வெளியேறும். வந்த நைட்ரஜனை அளந்தால் வெளியே இருக்கும் அணுக்களின் கணக்கு கிடைத்துவிடும். 1980களில் ஐ.சி.ஐ. ஆய்வாளர்கள் இப்படி அளந்து, தாமிரப் பரப்பு எவ்வளவோ அவ்வளவு மெத்தனால் என்று ஒரு நேர்கோடு வரைந்தார்கள்.

அப்படியென்றால் துகளை இன்னும் இன்னும் சின்னதாக்கிக்கொண்டே போகலாமா? இங்கேதான் திருப்பம். 2012-ல் பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வு நிறுவனத்தினரும் கூட்டாளிகளும், தாமிரப் பரப்பில் உள்ள படிக்கட்டு போன்ற குறைபாடுகளும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகமும்தான் முக்கியம் என்று காட்டினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2016-ல் இன்னொன்று சொன்னது: துகள் 8 நானோமீட்டருக்குக் கீழே போனால் வெளி அணு ஒவ்வொன்றும் செய்யும் வேலை குறைகிறது. ரொம்பச் சின்ன துகளில் அந்த விசேஷ இடங்களுக்கு இடமில்லை. இதே பல்கலைக்கழகத்தினர் 2013-ல், துகள்கள் நெருங்கிக் கிடக்காமல் சீரான இடைவெளியில் இருந்தால் வினையூக்கியின் ஆயுள் கூடும் என்றும் காட்டியிருந்தார்கள்.

ஆக, பொடியாக்கினால் மட்டும் போதாது. அளவு, இடைவெளி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லாமே கணக்கு. இது பழங்கதை இல்லை. இன்று கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் எடுக்கவும் இதே தாமிரம்-துத்தநாகக் கூட்டணியைத்தான் நம்புகிறார்கள். அந்த வினையில் தண்ணீரும் உண்டாகும், தண்ணீர் இருந்தால் துகள்கள் இன்னும் வேகமாக ஒட்டிக்கொள்ளும். 1923-ல் தாமிரத்தை ஒதுக்கவைத்த அதே தலைவலி, புது வேஷத்தில்!

வேதிப் பொறியியல் படிக்கும் நண்பர்கள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள், பேசலாம்.